வீட்டில் நன்றாகச் சமைப்பவர் ரோம் நகர டிராட்டோரியாவில் உண்பது எப்படி

நாள்தோறும் அடுப்படியில் நின்று பழகியவர்கள் வெளியே சாப்பிடப் போகும்போது கண்ணையும் நாக்கையும் வீட்டில் வைத்துவிட்டுப் போக முடியாது. தாளிப்பில் பூண்டு ஒரு நிறம் கூடிவிட்டது என்பதும், கீரையில் தண்ணீர் நின்றுவிட்டது என்பதும் முதல் வாயிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும். அதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லும்போது உடன் வந்தவர்களின் முகம் சுருங்கும். இத்தாலிய உணவை வீட்டில் செய்து கை பழகிய ஒருவர் ரோம் நகருக்குப் போய், அங்குள்ள எளிய குடும்ப உணவகமான டிராட்டோரியாவில் உட்காரும்போது இந்தச் சிக்கல் இரு மடங்காகிறது. எதிர்பார்ப்பு அங்கே உச்சத்தில் இருக்கிறது. பயணிகளை நம்பியே பிழைக்கும் மட்டமான கடைகளும் அங்கே மிகுதி. இந்த வழிகாட்டி அத்தகையவருக்காக எழுதப்பட்டது. சமையலறிவைத் தட்டு மேசைக்கு வந்த பிறகு குறை காண்பதில் செலவிடுவதால் யாருக்கும் பயனில்லை. எந்தக் கடைக்குள் நுழைவது, அங்கே எதைக் கேட்பது என்று தீர்மானிப்பதில்தான் அதைச் செலவிட வேண்டும் என்பதே இதில் சொல்லப்படுவது.

கடையைத் தேர்வது

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். ரோமில் மதிய உணவு ஏறத்தாழ பன்னிரண்டரை மணி முதல் இரண்டரை வரை. இரவு உணவு ஏழரைக்குத் தொடங்கும், உள்ளூர்க்காரர்கள் எட்டு மணிக்கு மேல்தான் வரத் தொடங்குவார்கள். இடைப்பட்ட நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டு மறுவேளைக்குத் தயார் செய்வதுதான் ஒழுங்கான சமையலறையின் வழக்கம். ஆகவே மாலை ஐந்து மணிக்குத் தட்டு நிறையப் பாஸ்தா தரும் கடை யாருக்காகத் திறந்து வைத்திருக்கிறது என்பதை எளிதில் ஊகிக்கலாம். வாசலில் ஒருவர் நின்று போவோர் வருவோரை அழைப்பதும், உணவின் வண்ணப் படங்களைப் பலகையில் ஒட்டி வைத்திருப்பதும் அதே வகைதான். நல்ல சிறிய கடைகளில் இடம் குறைவாக இருப்பதால், இரவு உணவுக்கு முன்பதிவு செய்வது நலம். மதியத்தில் இடம் கிடைப்பது சற்று எளிது. ஆகஸ்ட் மாதத்தில், குறிப்பாக 15-ஆம் நாள் வரும் விடுமுறையை ஒட்டி, பல குடும்பக் கடைகள் மூடியிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அடுத்தது பட்டியல். பெரும்பாலான கடைகள் அதை வாசலிலேயே மாட்டியிருக்கும்; உள்ளே போகுமுன் நின்று நிதானமாகப் படிக்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நான்கைந்து பேர் வேலை செய்யும் சமையலறை அறுபது பதார்த்தங்களைப் புதிதாகச் செய்து தர முடியாது என்பது சமைப்பவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாஸ்தா வகையில் ஆறேழு, அதற்குப் பின் வரும் இறைச்சி, மீன் வகையில் ஐந்தாறு, பக்கக் காய்கறி நான்கு என்று சுருக்கமாக இருக்கும் பட்டியலே நம்பத்தக்கது. வடக்கேயுள்ள மிலானின் குங்குமப்பூ ரிசொட்டோ என்னும் அரிசி உணவு, நேப்பிள்ஸின் பீட்சா, ரோமின் கார்பொனாரா பாஸ்தா எல்லாம் ஒரே தாளில் இருந்தால், அந்தக் கடைக்கு ஊர் என்று ஒன்று இல்லை. பெயருக்குப் பக்கத்தில் சிறு நட்சத்திரக் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள்: அந்தப் பொருள் உறைபனியிலிருந்து எடுத்தது என்பதை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கவே அந்தக் குறி இடப்படுகிறது. மீன், இறால் போன்றவற்றுக்கு நட்சத்திரம் இருப்பது பெரிய குற்றமன்று. காய்கறிகளுக்கும் பாஸ்தாவுக்கும் சேர்த்து இருந்தால் அடுத்த தெருவுக்கு நடக்கலாம்.

இவற்றைவிடக் கூர்மையான சோதனை பருவம். ஆர்ட்டிசோக் எனப்படும் கூனைப்பூவின் உருண்டையான ரோமன் வகை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை செழிப்பாக வரும். புந்தரெல்லே என்னும் சிக்கரி இளந்தண்டு குளிர்காலத்துக்கு உரியது. ஃபாவா அவரை, பச்சைப் பட்டாணி, கூனைப்பூ, லெட்டூஸ் ஆகியவற்றைச் சேர்த்து வேகவைக்கும் விஞ்ஞரோலா வசந்தத்தில் சில வாரங்கள் மட்டுமே கிடைக்கும். சந்தைக்குப் போய்ச் சமைக்கும் கடையில் இவை வரும், போகும். ஜூலை மாதத்தில் புந்தரெல்லே விற்கும் கடையைப் பற்றி மேலும் ஆராய வேண்டியதில்லை. பழைய வழக்கம் பிடித்த கடைகளில் கிழமைக் கணக்கும் உண்டு: வியாழக்கிழமை உருளைக்கிழங்கு ஞொக்கி, வெள்ளிக்கிழமை மீன், சனிக்கிழமை மாட்டுக் குடல் என்பது ரோமானியர் எல்லாரும் அறிந்த வாய்பாடு. வெள்ளி இறைச்சியற்ற நாள் என்பதால், முந்தைய நாள் வயிறு நிறைய உண்பதற்காக ஞொக்கி வந்தது என்று சொல்வார்கள். வியாழனன்று மட்டும் ஞொக்கி செய்யும் கடை, அன்று காலையில் கிழங்கு வேகவைத்துக் கையால் உருட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

எந்தப் பகுதி என்று கேட்டால், தெஸ்தாச்சோவைத் தயங்காமல் சொல்வேன். நகரின் இறைச்சிக் கூடம் 1890-களின் தொடக்கம் முதல் 1975 வரை அங்கேதான் இயங்கியது. நல்ல தசைப்பகுதிகள் செல்வர் வீடுகளுக்குப் போன பின் மீந்த வால், குடல், ஈரல், நாக்கு ஆகியவற்றை அங்கு வேலை செய்த தொழிலாளர் குடும்பங்கள் சமைத்துச் சமைத்து ஒரு தனிச் சமையல் மரபே உருவாகிவிட்டது. ரோம் சமையலின் அழுத்தமான சுவையில் பெரும் பங்கு அங்கிருந்து வந்தது. ஆட்டுக் குடலும் தலைக்கறியும் உண்டு வளர்ந்தவர்கள் அங்கே அந்நியமாக உணர மாட்டார்கள்.

உண்ணாதவற்றை முன்கூட்டியே சொல்வது

நம்மவர்களில் பலர் இந்தப் படியில் இடறுகிறார்கள். ஆகவே இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சைவ உணவு உண்பவர் 'வெஜெதாரியானோ', பெண்ணானால் 'வெஜெதாரியானா' என்று சொன்னால் பரிமாறுபவருக்குப் புரியும். ஆனால் அவர் புரிந்துகொள்வதும் நாம் கருதுவதும் ஒன்றல்ல. இறைச்சித் துண்டு தட்டில் தெரியாவிட்டால் அது சைவம் என்று கொள்ளும் பழைய கடைகள் இன்னும் உள்ளன. புந்தரெல்லே வெறும் பச்சைக் காய் சாலட் என்று நினைப்போம். அதன் சாந்து நெத்திலியையும் பூண்டையும் இடித்து, காடியும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துச் செய்வது. பொரித்த சுக்கினிப் பூவைப் பார்த்ததும் நமக்குப் பூசணிப்பூப் பஜ்ஜியின் நினைவு வரும். அதன் உள்ளே மொஸரெல்லா சீஸோடு நெத்திலியும் இருக்கும். சுப்ளி என்ற அரிசி உருண்டையின் சோறு பெரும்பாலும் இறைச்சிக் குழம்பில் வெந்தது. காய்கறிச் சூப்புக்கு இறைச்சிச் சாறு சேர்ப்பது உண்டு. விஞ்ஞரோலாவிலும் சிலர் பன்றி இறைச்சியைப் பொடியாக நறுக்கிச் சேர்ப்பார்கள்.

ஆகவே பொதுப்பெயரைச் சொல்வதோடு நில்லாமல், பொருளைப் பெயரிட்டுக் கேட்க வேண்டும். 'சென்ட்ஸா' என்றால் 'இல்லாமல்'. 'சென்ட்ஸா கார்னே' இறைச்சி இல்லாமல். 'சென்ட்ஸா பேஷே' மீன் இல்லாமல். 'சென்ட்ஸா அச்சூகே' நெத்திலி இல்லாமல். 'சென்ட்ஸா குவான்ச்சாலே' பன்றிக் கன்ன இறைச்சி இல்லாமல். மாட்டிறைச்சி தவிர்ப்பவர் 'மன்ட்ஸோ', கன்றிறைச்சியைக் குறிக்கும் 'வித்தெல்லோ' ஆகிய இரண்டையும், பன்றி தவிர்ப்பவர் 'மயாலே' என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சால்திம்போக்கா என்ற புகழ்பெற்ற ரோம் பதார்த்தம் இவ்விரு தரப்பினருக்கும் ஆகாது: கன்றிறைச்சியின் மேல் பன்றித் தொடை இறைச்சியை வைத்து ஊசியால் குத்திப் பொரிப்பது அது.

சீஸைப் பற்றிக் கண்டிப்பு உள்ளவர்களுக்கு ஒரு செய்தி. ரோம் சமையலின் உயிரான பெக்கொரீனோ ரொமானோ செம்மறியாட்டுப் பாலில் செய்யப்படுகிறது. அந்தப் பாலை உறையவைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட். பார்மிஜானோ ரெஜ்ஜானோ கன்றின் ரென்னட்டில் உறைவது. இரண்டுக்கும் செய்முறை சட்டப்படி வகுக்கப்பட்டிருப்பதால், தாவர ரென்னட்டில் செய்த வேறொன்று அந்தப் பெயரில் விற்பனைக்கு வராது. எனவே சீஸும் மிளகும் மட்டுமே சேரும் காச்சோ எ பெப்பேகூடக் கண்டிப்பான சைவர்களுக்கு உரியதன்று. அவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை: சீஸ் தூவாத தக்காளிப் பாஸ்தா, பூண்டும் எண்ணெயும் மிளகாயும் சேர்த்த ஸ்பகெட்டி, புதினா வகை இலையும் பூண்டும் அடைத்து வேகவைத்த ரோமன் கூனைப்பூ, கீரை, தக்காளி வைத்த சுட்ட ரொட்டி என்று ஒரு வேளை உணவு நிறைவாகவே அமையும். முட்டையும் தவிர்ப்பவர் கையால் செய்த புதுப் பாஸ்தாவை விட்டு, கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும் சேர்ந்த உலர்பாஸ்தாவைக் கேட்க வேண்டும்.

பழைய யூதக் குடியிருப்புப் பகுதியில் உள்ள கோஷர் உணவகங்கள் பன்றியைத் தவிர்ப்பவர்களுக்கு நல்ல புகலிடம். யூத சமய விதி இறைச்சியையும் பாலையும் ஒரே சமையலில் சேர்க்க விடாது என்பதால், அங்கே இறைச்சிக் கடை வேறு, பால் கடை வேறு. பால் கடையில் இறைச்சியே நுழையாது. மீன் மட்டும் உண்டு. கூனைப்பூவை விரித்து இரு முறை எண்ணெயில் பொரித்து, இதழ்களை அப்பளம்போல் நொறுங்க வைக்கும் யூத முறைக் கூனைப்பூவும் அந்தப் பகுதியின் சொத்துதான்.

எதைக் கேட்பது

வீட்டில் செய்ய முடியாததை உணவகத்தில் கேள் என்பது வழக்கமான அறிவுரை. முதல் முறை போகும் கடைக்கு இது பொருந்தாது என்பது என் எண்ணம். வீட்டில் செய்ய முடியாத ஒன்று மேசைக்கு வந்தால், அது நன்றாக இருக்கிறதா என்று சொல்ல நம்மிடம் அளவுகோல் இல்லை. எந்தப் பதார்த்தத்தைப் பல முறை செய்து, அது எங்கே கெடும் என்று கை அறிந்திருக்கிறதோ, அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அதில் அந்தச் சமையலறை தேறினால், அதன் பிறகு அறியாத எதையும் நம்பிக் கேட்கலாம்.

ரோமில் அந்தச் சோதனைக்கு நான்கு பாஸ்தாக்கள் உள்ளன. நான்கும் ஒரே குடும்பம். பெக்கொரீனோவும் கருமிளகும் சேர்ந்தால் காச்சோ எ பெப்பே. அதனோடு குவான்ச்சாலே சேர்ந்தால் கிரீச்சா. கிரீச்சாவில் தக்காளி சேர்ந்தால் அமத்ரிச்சானா; தக்காளிக்குப் பதில் முட்டை சேர்ந்தால் கார்பொனாரா. ஒரு கடையில் இந்த நான்கும் இருப்பது இயல்பு. நான்கில் ஒன்றையாவது சரியாகச் செய்யாத கடை இயல்பன்று.

காச்சோ எ பெப்பேயில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை என்பதால் அதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். துருவிய பெக்கொரீனோவைப் பாஸ்தா வெந்த நீரில் கரைத்து, எண்ணெயோ வெண்ணெயோ இன்றிப் பளபளப்பான கூழாக்க வேண்டும். சூடு மீறினால், தயிர் கொதித்த மோர்க்குழம்பு திரிவதைப் போல, சீஸ் தனியாகவும் நீர் தனியாகவும் பிரிந்துவிடும். இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் இதை ஆய்வு செய்து 2025-இல் வெளியிட்டார்கள். அதற்கு அதே ஆண்டு வேடிக்கையான ஆய்வுகளுக்குரிய இக் நோபல் பரிசும் கிடைத்தது. வெப்பம் ஏறத்தாழ 65 பாகை செல்சியஸைத் தாண்டும்போது சீஸின் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து கட்டியாகின்றன என்பதும், சீஸின் எடையில் 2 முதல் 3 விழுக்காடு மாவுச்சத்து இருந்தால் அந்தப் பிணைப்பு தடுக்கப்படுகிறது என்பதும் அவர்கள் கண்டது. பாஸ்தா வெந்த நீரை வீணாக்காதே என்று பாட்டிமார் சொன்னதன் காரணம் அந்த மாவுச்சத்துதான். தட்டு வந்ததும் பாஸ்தாவைச் சற்று விலக்கிப் பாருங்கள். அடியில் வெண்ணிறக் கட்டிகளோ, தெளிந்த நீரோ நின்றால் சமைத்தவர் அவசரப்பட்டிருக்கிறார். கிரீமைப் போல ஒட்டியிருந்தும் கிரீமின் ருசி இல்லாவிட்டால் நல்ல கை.

கார்பொனாராவில் பார்க்க வேண்டியது முட்டை. பாஸ்தாவின் சூட்டிலேயே மஞ்சள் கரு தடித்து, ஒவ்வோர் இழையிலும் பூசியிருக்க வேண்டும். முட்டைப் பொரியல்போல உதிர்ந்திருந்தால் அடுப்பின் மேல் வைத்துக் கலந்திருக்கிறார்கள். குவான்ச்சாலேயின் ஓரம் மொறுமொறுவென்றும், நடுவில் கொழுப்பு கரையும் நிலையிலும் இருக்க வேண்டும். கிரீம் சேர்த்திருந்தால் ரோமில் அதைக் குறையாகவே கொள்வார்கள். ஆனால் இந்த விதியைத் தொன்மையானது என்று எண்ணிச் சண்டைக்குப் போக வேண்டாம். கார்பொனாரா இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் எழுத்தில் வருகிறது. 1954-இல் இத்தாலியச் சமையல் இதழ் ஒன்று அச்சிட்ட செய்முறையில் பூண்டும் க்ரூயேர் சீஸும் இருந்தன. இன்றைய கண்டிப்பு பின்னால் வந்தது.

அமத்ரிச்சானா ரோமுக்கு வடகிழக்கே மலையில் உள்ள அமத்ரிச்சே ஊருக்கு உரியது. 2016 ஆகஸ்ட் நிலநடுக்கத்தில் பெரும் அழிவைச் சந்தித்த அதே ஊர். அங்கே ஸ்பகெட்டியில் செய்வார்கள், ரோமில் நடுவில் துளையுள்ள புக்கத்தீனியில். வெங்காயமும் பூண்டும் சேராது என்பது அந்த ஊரின் நிலை. 2015-இல் புகழ்பெற்ற சமையற்கலைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் பூண்டு சேர்ப்பதாகச் சொன்னபோது ஊர் நிர்வாகமே மறுப்பு வெளியிட்டது. ரோம் கடைகள் சிலவற்றில் வெங்காயம் தலைகாட்டும். நான் அதைப் பொருட்படுத்த மாட்டேன். தக்காளி பச்சை வாடை அடிக்கிறதா, கொழுப்போடு கலந்து சுண்டியிருக்கிறதா என்பதே முக்கியம்.

எந்தப் பாஸ்தாவானாலும் பதம் பொது. ஓர் இழையைக் கடித்து, கடிபட்ட இடத்தைப் பாருங்கள்: நடுவில் ஊசிமுனை அளவு வெளிறிய புள்ளி தெரிந்தால் அது ரோமானியரின் பதம். நமக்கு அது சில வேளை வேகாததுபோல் படலாம். அதை வெந்ததாகவே கொண்டு இரண்டு மூன்று வாய் உண்டு பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள், ஏனெனில் தட்டின் சூட்டில் அது மேலும் இளகும். ஒரு லிட்டர் நீருக்கு 100 கிராம் பாஸ்தா, 10 கிராம் உப்பு என்பது இத்தாலிய வீடுகளின் கணக்கு. ஒருவர் பங்கு 80 முதல் 100 கிராம். உப்பிட்ட நீரில் வெந்ததன் மேல் பெக்கொரீனோவும் உப்பூறிய குவான்ச்சாலேயும் சேர்வதால், ரோம் பாஸ்தா நம் நாக்குக்கும் உப்பாகத் தோன்றும். இந்த ஊரில் அது குறையன்று. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: புதுப் பாஸ்தா உயர்ந்தது, உலர்பாஸ்தா தாழ்ந்தது என்ற எண்ணம் இங்கே செல்லாது. வெண்கல அச்சில் பிழிந்து மெதுவாக உலர்த்திய ரிகதோனி என்னும் குழல் பாஸ்தாவின் சொரசொரப்பில் சாறு ஒட்டும் அளவுக்குக் கையால் தேய்த்த எல்லாப் பாஸ்தாவிலும் ஒட்டாது.

மேசையில் நடந்துகொள்வது

பட்டியல் தொடக்க உணவு, பாஸ்தா, இறைச்சி அல்லது மீன், பக்கக் காய், இனிப்பு என்று ஐந்து பகுதியாக இருக்கும். எல்லாவற்றையும் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு பாஸ்தாவும் ஒரு பக்கக் காயும் போதும். இறைச்சியோடு காய் தானாக வராது, தனியே கேட்க வேண்டும். அப்படிக் கேட்க வேண்டியவற்றில் முதன்மையானது சிக்கோரியா ரிப்பஸ்ஸாத்தா. கசப்பான சிக்கரிக் கீரையை வேகவைத்துப் பிழிந்து, பூண்டும் காய்ந்த மிளகாயும் தாளித்த ஆலிவ் எண்ணெயில் புரட்டி எடுப்பது அது. கீரைக் கசப்புக்குப் பழகிய தமிழ் நாக்குக்கு ரோமில் இதைவிட நெருங்கிய உணவு கிடையாது. தவிர, பூண்டின் நிறம், எண்ணெயின் அளவு, கீரையில் நின்ற நீர் என்று சமையலறையின் ஒழுங்கு முழுவதையும் மலிவாகக் காட்டிக்கொடுப்பதும் இந்தக் கீரைதான்.

பதார்த்தத்தை மாற்றிக் கேட்பதில் அளவு வேண்டும். உடலுக்கு ஒவ்வாததையும் சமய வழக்கத்தையும் சொல்வது முறை. கார்பொனாராவில் வெங்காயம் வதக்கிப் போடுங்கள் என்பது முறையன்று. குவான்ச்சாலே இல்லாத கார்பொனாரா கேட்பதைவிட, குவான்ச்சாலே சேராத வேறொன்றைக் கேட்பது இருவருக்கும் நல்லது. காரம் போதவில்லையென்றால் 'பெப்பெரொன்ச்சீனோ' என்று கேளுங்கள். உலர்ந்த மிளகாய்ப் பொடியோ மிளகாய் ஊறிய எண்ணெயோ வரும். மீன், சிப்பி சேர்ந்த பாஸ்தாவுக்குச் சீஸ் கேட்டால் பரிமாறுபவரின் புருவம் உயரும். சில இடங்களில் மறுப்பும் வரலாம். ஸ்பகெட்டியைக் கத்தியால் வெட்டாமல், கரண்டியைத் துணைக்கு வைத்துக்கொள்ளாமல், முட்கரண்டியில் நாலைந்து இழையை மட்டும் எடுத்துத் தட்டின் ஓரத்தில் சுழற்றுவது வழக்கம். மீந்த சாற்றை ரொட்டியால் துடைத்து உண்பதை எளிய கடைகளில் பாராட்டாகவே கொள்வார்கள்.

குறை சொல்ல வேண்டி வந்தால், எது குறை, எது விருப்பம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பாஸ்தா குழைந்துவிட்டது, பூண்டு கருகிவிட்டது, தட்டு ஆறி வந்தது, கேட்டது ஒன்று வந்தது வேறொன்று என்பவை குறைகள். முதல் இரண்டு வாயிலேயே பரிமாறுபவரை அழைத்து, குரலை உயர்த்தாமல் ஒரே வாக்கியத்தில் சொன்னால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். பாதிக்கு மேல் உண்ட பிறகு சொல்வதில் நியாயம் இல்லை. உப்பு கூடுதல், பதம் கடினம், வீட்டில் நான் தக்காளியை இன்னும் சுண்ட வைப்பேன் என்பவை விருப்பங்கள். அவற்றை வீட்டுக்குப் போய்ப் பேசலாம். மாறாக, நன்றாக இருந்த ஒன்றைப் பற்றிக் கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம். எந்த ஊர்ப் பெக்கொரீனோ, குவான்ச்சாலேயை எண்ணெய் விட்டு வதக்குகிறீர்களா விடாமலா என்று குறிப்பாகக் கேட்பவரைப் பார்த்ததும் சமையற்காரருக்கு இவரும் நம் இனம் என்று புரிந்துவிடும். கூட்டம் குறைந்த மதிய வேளையானால் நின்று விளக்குவார்கள்.

இனிப்பில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். டிராட்டோரியாவின் பலம் அதுவன்று. வீட்டில் செய்தது என்று பட்டியலில் இருந்தால் திரமிசு வாங்கலாம், ஆனால் அது வடக்கே வெனெட்டோ பகுதியிலிருந்து வந்த விருந்தாளி. பச்சை முட்டை சேர்வது என்பதையும், சிலர் மது சேர்ப்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். காப்பி, இனிப்புக்குப் பிறகு தனியே வரும். 'காஃபே' என்று கேட்டால் சிறிய கோப்பையில் எஸ்பிரெஸ்ஸோ தருவார்கள். பால் சேர்ந்த கப்புச்சீனோவை உள்ளூர்க்காரர்கள் காலையோடு முடித்துக்கொள்வார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கேட்டாலும் தருவார்கள், சிறு புன்னகையோடு.

கணக்குச் சீட்டு நீங்கள் கேட்காமல் வராது. மேசையை விரைவில் காலி செய்யச் சொல்வது அநாகரிகம் என்பதால் அவர்கள் காத்திருப்பார்கள். 'இல் கோந்தோ, பெர் ஃபவோரே' என்று கேட்க வேண்டும். சீட்டில் நான்கு வரிகளைச் சரிபாருங்கள். இத்தாலியின் பல பகுதிகளில் தலைக்கு இவ்வளவு என்று 'கொபெர்த்தோ' வசூலிப்பார்கள். ரோம் அமைந்துள்ள லாட்சியோ மாநிலம் 2006-இல் இயற்றிய சட்டத்தால் அதைத் தடை செய்திருப்பதால், இங்கே 'பானே' என்று ரொட்டிக்கான தொகையாக அது வரும். ரொட்டி வேண்டாதவர் தொடக்கத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டால் அந்தத் தொகையைக் கொடுக்க வேண்டியதில்லை. தண்ணீர் புட்டிக்கணக்கில் வரும். 'சேர்விட்சியோ' என்று சேவைக் கட்டணம் சேர்க்கப்பட்டிருந்தால் அதற்கு மேல் அன்பளிப்பு தேவையில்லை. சேர்க்காவிட்டாலும் அது கட்டாயம் அன்று, சில்லறையை விட்டு வருவது போதும். நீங்கள் கேட்காத தொடக்க உணவு ஏதேனும் சீட்டில் இருந்தால், பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரியைச் சுட்டிக் கேளுங்கள். பணம் செலுத்திய பின் தரும் அச்சிட்ட ரசீதை வாங்கிக்கொண்டு, வியாழக்கிழமை ஞொக்கிக்கு இடம் இருக்கிறதா என்று அப்போதே விசாரித்து வைத்துவிடுவது, தொலைபேசியில் அரைகுறை இத்தாலியனில் முன்பதிவு செய்வதைவிட எளிது.